வட்டத்துக்குள் நின்ற எல்லாரும்

போன மாதம் ரோஸி போன் செய்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் நாங்கள் வேலை பார்த்த எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் பேக்கிங் சூப்பர்வைசர், நான் தரப் பரிசோதனை. அவள் அட்டைப்பெட்டியை ஒட்டுவாள், நான் பிரிக்கச் சொல்வேன். இருபத்தாறு வருடம் இப்படியே போனதில் எங்களுக்குள் ஒரு நட்பு உண்டாகிவிட்டது.

"மேடம், சென்னீர்குப்பம் சர்ச் ஹால்ல ஒரு போர்வை ஷோ வெக்கிறோம். எல்லாம் ஒட்டுத்துணில கையால தச்சது. பாதிப்பேரு நம்ம கம்பெனி பொம்பளைங்கதான். நீங்க ஜட்ஜா வரணும்."

"நான் எதுக்கு ரோஸி?"

"உங்களவிட யாரு மேடம் தப்பு கண்டுபுடிப்பாங்க?"

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். ஓய்வு பெற்ற பிறகு எதையும் அப்படி எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். கலந்துகொள்பவர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பதினேழாவதாக ஒரு பெயர் இருந்தது: தனம்.

"எந்தத் தனம்?"

"நாலாவது லைன் தனம் மேடம். ஷூ தனம்."

தனத்தை மெஷினிலிருந்து எழுப்பியது நான் எழுதிய அறிக்கை. அதற்குப் பிறகு சில வாரங்களில் அவள் வேலையை விட்டுப் போனாள். ஏறக்குறைய இருபது வருடமாக நாங்கள் பேசியதில்லை. அதற்கு மேல் இன்னொரு விஷயமும் இருந்தது. அதை ரோஸியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது அவள் தைத்த போர்வைக்கு நான் மதிப்பெண் போட வேண்டும். அவள் முகத்தைப் பார்த்து என்ன சொல்வது என்பதற்கு எந்த நடைமுறைத் தாளிலும் வழி கிடையாது.

எங்கள் கம்பெனியில் இன்று வேலை பார்க்கும் பிள்ளைகள் அவ்வப்போது கேட்பார்கள்: "இப்ப கேமராவே துணியைப் பாத்துத் தப்பைச் சொல்லிடுது மேடம், அப்ப நீங்கள்லாம் என்னதான் பண்ணீங்க?" அவர்களுக்குப் பதில் சொல்ல இந்தக் கதையே போதும்.

என் படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணி நுட்பத்தில் மூன்று வருடப் படிப்பு. நூலின் முறுக்கு, சாயத்தின் பிடிப்பு, துணியின் எடை எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. தையல் செய்முறையில் மட்டும் தேறியதாகச் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஆசிரியை இரக்கமுள்ளவர். என் ரவிக்கைக்கு ஹூக் தைத்துத் தருவது இன்றும் என் கணவர்தான். ஆனால் மூன்றடி தூரத்தில் நின்றால் அங்குலத்துக்கு எட்டுத் தையல் இருக்கிறதா ஏழு இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். சமைக்கத் தெரியாமல் உப்புக் குறைவு சொல்பவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். என்னை அதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

வேலை எளிமையானது. ஐந்நூறு பீஸ் வந்தால் ஐம்பதைக் கலந்து எடுக்க வேண்டும். வெள்ளை விளக்கின் கீழ் விரித்து, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் பார்க்க வேண்டும். தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஐம்பதில் மூன்று தப்பு வரை மன்னிப்பு உண்டு, நாலாவதுக்குக் கிடையாது. அம்பு விழுந்த பீஸ் ஆல்டருக்குப் போகும். தைத்தவளே பிரித்துத் திரும்பத் தைப்பாள். அம்பை அவள் தொடக் கூடாது. ஒட்டியவர்தான் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் வரதன் சார், எங்கள் தர மேலாளர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. ஆளைப் பார்த்துப் பேச மாட்டார், பீஸைப் பார்த்துத்தான் பேசுவார். கோணலாகத் தைத்த காலரைக் கையில் எடுத்து, "இது என்ன சொல்லுது?" என்று அதனிடமே கேட்பார். தைத்தவள் பக்கத்தில் நின்று வியர்த்துக்கொண்டிருப்பாள். காலர் பதில் சொல்லும்வரை காத்திருப்பார்போல் அப்படி ஒரு பொறுமை. சட்டைப் பையில் எஃகு ஸ்கேல். காலில் நாடா இல்லாத வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அடியில் தடித்த மெத்தென்ற ரப்பர். மெட்டல் டிடெக்டர் அறைக்குள் போக வர வேண்டும் என்பதால் அந்த ஷூவில் ஒரு துளி உலோகம் இருக்காது. இது அவர் சொன்ன காரணம். லைன் என்று நாங்கள் சொல்லும் மெஷின் வரிசையில் இருந்தவர்கள் சொன்ன காரணம் வேறு: அவர் பின்னால் வந்து நிற்பது கடைசிவரை யாருக்கும் கேட்காது.

அந்த வருடம் நாங்கள் குழந்தைகளுக்கான போர்வை தைத்தோம். இரண்டு பருத்தித் துணிக்கு நடுவில் பஞ்சு, மேலே நீல யானைகள். குழந்தைப் பொருள் என்றால் ஊசிக்கு வேறு சட்டம். மெஷினில் ஊசி உடைந்தால் புது ஊசி சும்மா கிடைக்காது. உடைந்த துண்டுகள் அத்தனையும் ஊசி அறைக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றைப் பதிவேட்டில் வரிசையாக வைத்து, முழு ஊசியாகப் பொருந்துகிறதா என்று பார்த்து, மேலே ஒளிபுகும் டேப்பை ஒட்டி, மெஷின் எண், ஊசி எண், நேரம், கிடைத்த இடம், கண்டுபிடித்தவர் எல்லாம் எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில் சரிபார்த்தவர் கையெழுத்து. அது நான். ஒரு துண்டு குறைந்தாலும் லைன் நிற்கும். மெஷினைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் அனைத்தையும் டிடெக்டரில் விட வேண்டும்.

ஒரு மதியம், சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த நேரம், தனம் மூன்று துண்டுகளோடு ஊசி அறைக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நாலாவது லைனில் அவள் கைக்குத்தான் வேகம் அதிகம், வாய்க்கும்தான்.

துண்டுகளைப் பொருத்தினேன். பொருந்தின. பேனாவைத் திறந்தேன். வழக்கமாக அவ்வளவுதான், ஐந்து நொடி வேலை. அன்று ஏனோ பூதக்கண்ணாடியை எடுத்தேன். முனை உருண்டையாக இருந்தது.

"இது எங்க கெடச்சுது தனம்?"

"மெஷினுக்குக் கீழதான் மேடம்."

"இது பனியன் துணிக்குப் போடற ஊசி. நாம பனியன் தச்சு ஒரு வருஷம் ஆச்சு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்ன குங்குமச் சிமிழை எடுத்துத் திறந்து மேசையில் வைத்தாள். குங்குமம் இல்லை. ஏழெட்டு ஊசி முனைகள் இருந்தன.

"நான் மட்டும் இல்ல மேடம். லைன்ல எல்லாரும் வெச்சிகினு கீறாங்க. முனை கெடைக்கலன்னா லைனே நிக்கும். டார்கெட் போச்சின்னு எல்லாரும் என்னத்தான் காய்ச்சுவாங்க. அதான், ஒண்ணு கொறஞ்சா இதுல இருந்து ஒண்ணு எடுத்துக் குடுத்துடுவோம்."

பக்கத்தில் இருந்த பதிவேட்டைப் பார்த்தேன். தடிமனான புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து. அதில் எத்தனை முனை சொந்த முனை, எத்தனை இரவல் முனை என்று அந்த நிமிடம் யாராவது கேட்டிருந்தால் நான் மயங்கி விழுந்திருப்பேன்.

வரதன் சாரிடம் சொன்னேன். அவர் சிமிழைக் கையில் வாங்கி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டார். சிமிழ் ஒன்றும் சொல்லவில்லை. "லைனை நிறுத்துங்க" என்றார்.

மறுநாள் காலை கன்டெய்னர் போக வேண்டும். குழந்தைப் போர்வைகளில் ஒன்றில் ஊசி முனை இருக்கலாம். இந்த இரண்டும் மண்டையில் இருக்க, நான் சாக்பீஸால் வட்டம் போட்டேன். நடைமுறைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் செய்தேன். தைத்த போர்வைகள். தைக்காத போர்வைகள். மெஷினின் எண்ணெய்த் தட்டு. குப்பைக் கூடை. இயக்குபவரின் செருப்பு, ஏப்ரன், தண்ணீர் பாட்டில். உதவியாளரின் செருப்பு. சூப்பர்வைசரின் செருப்பு. எல்லாம் டிடெக்டரின் பெல்ட்டில் ஏறி, மறுபக்கம் பச்சை விளக்கோடு இறங்கின. லைனில் இருந்த எல்லாப் போர்வைகளும் போய் வந்தன. பச்சை. ஒன்றரை மணி நேரம் பச்சை. பச்சை என்றால் முனை இன்னும் கிடைக்கவில்லை. பச்சை விளக்கு அதற்கு முன் என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை.

தனம் வெறுங்காலோடு வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள். இனி மெஷினில் உட்கார விட மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். திடீரென்று பேசினாள்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க பின்னால வந்து நின்னீங்க. நான் திடுக்குன்னு திரும்பினேன். அப்பதான் ஊசி ஒடஞ்சிது. நீங்களுந்தான இந்த வட்டத்துக்குள்ள நின்னுகினு இருந்தீங்க? வட்டத்துக்குள்ள நின்ன எல்லாரையும் பாக்க வாணாமா?"

நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. தாளைப் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சொன்னேன்: "இதுல இயக்குபவர், உதவியாளர், சூப்பர்வைசர்னுதான் போட்டிருக்கு தனம். மேனேஜர் இல்ல."

வரதன் சார் வட்டத்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். பிறகு குனிந்து இடது ஷூவைக் கழற்றி பெல்ட்டில் வைத்தார். பச்சை. வலது ஷூவை வைத்தார். சிவப்பு விளக்கு சுழன்றது, சைரன் அலறியது, பெல்ட் நின்று பின்வாங்கி அவருடைய ஷூவை அவரிடமே கொண்டுவந்து கொடுத்தது.

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஆறாவது மெஷினில் யாரோ தும்மியதுபோல் ஒரு சத்தம் வந்தது. அது தும்மல் இல்லை.

மெத்தென்ற ரப்பரில் எள்ளளவு முனை ஆழமாகக் குத்தியிருந்தது. சார் சாமணத்தால் அதைப் பிடுங்கிப் பொருத்திப் பார்த்தார். பொருந்தியது. பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்: 'கிடைத்த இடம்: தர மேலாளரின் வலது ஷூவின் அடி.' அடுத்த கட்டம் 'கண்டுபிடித்தவர்'. பேனாவை என்னிடம் நீட்டினார். நான் 'தரப் பரிசோதனைப் பிரிவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்படித்தான் எழுத வேண்டும் என்று வழக்கம்.

"தப்பு ரெண்டு" என்றார் சார், ஒற்றைக் காலில் நின்று ஷூவை மாட்டிக்கொண்டே. "எனக்கு ஒரு வரி, அந்தப் பொண்ணுக்கு ஒரு வரி. ரெண்டையும் எழுதிடுங்க."

எழுதினேன். பொய் முனை கொடுத்தால் மெஷினிலிருந்து எடுக்க வேண்டும் என்பது விதி. தனம் நூல் பிசிறு வெட்டும் மேசைக்குப் போனாள். சாருக்கு என்ன தண்டனை என்று எந்த விதியிலும் இல்லை. அவரே ஒன்றைக் கொடுத்துக்கொண்டார். அடுத்த திங்கள்கிழமை தோல் அடி வைத்த ஷூவில் வந்தார். டக், டக் என்று பத்து மெஷினுக்கு முன்பே கேட்கும். அதற்குப் பிறகு நாலாவது லைனில் ஊசி உடைவது வெகுவாகக் குறைந்தது. சிமிழ்களை ஒரு தட்டில் போடச் சொன்னோம், யார் யாருடையது என்று கேட்காமல். தட்டு நிறைந்தது.

நான் யாரிடமும் சொல்லாத விஷயம் இனிதான் வருகிறது. நடைமுறைத் தாளைத் திருத்த வேண்டியது என் வேலை. இயக்குபவர், உதவியாளர், சூப்பர்வைசர் என்ற வரியை அடித்துவிட்டு, 'வட்டத்துக்குள் நின்ற எல்லாரும்' என்று போட்டேன். வெளிநாட்டு வாங்குபவரின் ஆடிட்டர் வந்தபோது அந்த வரியில் விரலை வைத்து, அருமை, இது யார் யோசனை என்று கேட்டார். "எங்கள் பிரிவின் யோசனை" என்றேன். என் பெயருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு என் நாற்காலிக்கு மேல் மாட்டினார்கள். தனம் அப்போது பூந்தமல்லியில் ஏதோ தையல் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை அந்தச் சான்றிதழுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி அந்தப் பக்கம் இருந்ததால் அது வசதியாகவும் இருந்தது.

கண்காட்சிக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பூசை முடிந்ததும் போனேன். கைப்பையில் ஸ்கேல், பூதக்கண்ணாடி, ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர். ரோஸி வாசலிலேயே பையைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், இது ஷிப்மென்ட் இல்ல. பாத்து ரசிச்சிட்டு மார்க் போடுங்க. அந்த ஸ்டிக்கர மட்டும் உள்ள வெச்சிடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

உள்ளே நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப் போட்டு, ஹால் முழுக்கப் போர்வைகள். ஜன்னல் வெளிச்சம் அவற்றின் ஊடாக வந்து தரையில் கலர் கலராக விழுந்திருந்தது. பழக்கத்தில் மூன்றடி தள்ளி நின்றேன். ஆனால் கண் தையலுக்குப் போகவில்லை. ஆட்டோக்காரர் மனைவி ஒருத்தி, காக்கிச் சட்டைகளைச் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்திருந்தாள். பைகளை அப்படியே விட்டிருந்தாள். ஒரு பையில் கை விட்டால் ஏலக்காய் மணந்தது. இன்னொருத்தி மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடையை ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக வைத்திருந்தாள். நீலம் மேலிருந்து கீழே வெளுத்துக்கொண்டே வந்தது. எந்தச் சாயப் பட்டறையும் அந்த நிறத்தைக் கொடுக்காது.

நடுவில் பெரும் கூட்டம். நைட்டிப் போர்வை. மாங்காட்டிலிருந்து வந்த மூன்று சகோதரிகள், தெருவில் வீடு வீடாகப் பழைய நைட்டி வாங்கித் தைத்தது. நட்சத்திர வடிவில் பூ, பூவுக்குள் பூ. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதில் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏய், இது என்னுது. கொடில இருந்து காணாப்போச்சின்னு தேடிகினு இருந்தேன்."

"நீ தேடினத நான் கேட்டேன். நான்தான் எடுத்துக் குடுத்திருந்தேன், பழசுன்னு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

ஓரங்கள் கோணல். மூலைகள் ஒன்றோடு ஒன்று சேரவில்லை. என் கணக்கில் நாற்பது அம்பாவது விழும். அப்படியே நின்று பத்து நிமிடம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பதினேழாம் எண் கடைசி வரிசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கொஞ்சம் பருத்து, காதோரம் நரைத்து, தனம்.

"இன்னா மேடம், சுகமா கீறீங்களா?"

"இருக்கேன் தனம்."

"பாருங்க, பாருங்க. மொதல்ல பீஸப் பாருங்க. அப்புறம் பேசலாம். அதான நம்ம வழக்கம்."

பார்த்தேன். போர்வை முழுக்க ஒரே ஒரு பக்கம்: ஊசிப் பதிவேட்டின் பக்கம். வெள்ளைத் துணியில் கறுப்பு நூலால் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெள்ளி நூலில் உடைந்த ஊசி, அதன் மேல் டேப்புக்குப் பதிலாக மெல்லிய வலைத்துணி. கடைசி வரியில் மட்டும் முனை ஊசியோடு இல்லை. பக்கத்தில் ஒட்டுத்துணியால் ஒரு வெள்ளை ஷூ, அதன் அடியில் ஒரு வெள்ளிப் புள்ளி. எல்லாவற்றையும் சுற்றிச் சாக்பீஸ் நிறத்தில் ஒரு பெரிய வட்டம். வட்டத்தின் மேல் வளைவாக எழுத்துகள்: வட்டத்துக்குள்ள நின்ன எல்லாரும். எங்கோ கழிவுத்துணி மூட்டையிலிருந்து காப்பாற்றிய நீல யானைகள் ஓரத்தில் வரிசையாகப் போயின. அங்குலத்துக்கு எட்டு. சந்தேகமே இல்லை.

கடைசி வரியில் 'கண்டுபிடித்தவர்' கட்டத்தில் 'தனம்' என்று தைத்திருந்தது. அதற்கடுத்த 'சரிபார்த்தவர்' கட்டம் காலி.

"அந்த வரி உன்னுது" என்றேன். "நடைமுறைல நான் போட்டது. நீ சொன்னது. என் பேருக்குச் சான்றிதழ் குடுத்தாங்க. நான் வாயத் தொறக்கல."

"தெரியும் மேடம். ரோஸி அக்கா அப்பவே சொல்லிச்சி. ரெண்டு வருசம் உங்கள திட்டிகினேதான் தச்சேன். தையல் நல்லா வந்துச்சி."

"பொய் முனைக்கு நான் எழுதின அறிக்கை?"

"அது நான் பண்ண தப்பு. அதுக்கு நான் திட்டல. ஷூவுக்குத்தான் திட்டினேன்." அவள் இரண்டையும் கலக்கவில்லை. வரதன் சார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ரோஸியைக் கூப்பிட்டு, பதினேழாம் எண்ணுக்கும் எனக்கும் பழைய தொடர்பு உண்டு, அதனால் நான் நடுவராக இருக்கக் கூடாது, அதுதான் நடைமுறை என்றேன். ரோஸி தலையில் அடித்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களுக்கு ஆளுக்கொரு துணிக் கிளிப்பைக் கொடுத்து, பிடித்த போர்வையில் மாட்டச் சொன்னாள். நைட்டிப் போர்வை கிளிப்புகளின் பாரத்தில் கயிற்றோடு கீழே வந்தது. முதல் பரிசு அதற்குத்தான். தனத்தின் போர்வைக்கு ஆறு கிளிப். அதில் ஒன்று என்னுடையது. நடுவர் பதவியைத்தான் விட்டேன், கிளிப்பை விடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தனம் என் முன்னால் ஒரு ஊசியும் சிவப்பு நூலும் நீட்டினாள்.

"கட்டம் காலியா கீது மேடம். சரிபாத்தவங்க கையெழுத்து போடணும்ல?"

"பேனா இருக்கு."

"துணில பேனா இன்னாத்துக்கு?"

பேனாவில் என் கையெழுத்துக்கு ஒரு நொடி ஆகும். ஊசியில் நூல் கோக்கவே ஆறு நிமிடம் ஆனது. ரோஸி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பார்க்கக் கிடைக்காத காட்சி என்றாள். இருபது நிமிடத்தில், பெருமூச்சும் இரண்டு குத்தும் வாங்கி, முடித்தேன். ஏதோ ஒரு பூச்சி நடந்து போனதுபோல் இருந்தது.

தனம் என் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தாள். மூன்றடி தள்ளி நின்று பார்த்தாள்.

"இது இன்னா சொல்லுது?" என்று கையெழுத்தைக் கேட்டாள். பிறகு என்னிடம், "அங்குலத்துக்கு மூணுதான் வருது மேடம்" என்றாள். என் சுருளிலிருந்தே ஒரு சிவப்பு அம்பைக் கிழித்து அதன் பக்கத்தில் ஒட்டினாள்.

"ஆல்டர்."

பிரித்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இரண்டாவது தடவையும் அம்பு அங்கேயேதான் இருந்தது. சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை, ஹாலைப் பூட்டச் சாவியைக் குலுக்கிக்கொண்டு இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை தனம் ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், தள்ளி நின்றும் பார்த்தாள். அம்பை ஒட்டியவர்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தாள்.